நீலமலையில் ஒரு ரெகே டீஜே: மைக்செட்டில் தொடங்கிச் சொந்த ரிட்டிம் வெளியிடுவது வரை

நம் ஊர்த் திருமண மண்டபங்களில் டீஜே என்றால் பாட்டுப் போடுகிறவர் என்று பொருள். ரெகே இசை பிறந்த ஜமைக்காவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே இசைத்தட்டைத் தேர்ந்தெடுத்துச் சுழற்றுகிறவரைச் செலக்டர் என்பார்கள். அந்தத் தட்டிலிருந்து வரும் தாளத்தின் மேல் மைக்கைப் பிடித்துச் சந்தத்தோடு பேசுகிறவரே டீஜே. அவர் பேசும் கலைக்கு டோஸ்டிங் என்றும், அவர் ஏறி நிற்கும் தாளமும் பேஸும் (தாழ்ந்த ஒலி வரிசையும்) சேர்ந்த இசைக்கு ரிட்டிம் என்றும், பாடகரின் குரலை நீக்கிய பதிவுக்கு வெர்ஷன் என்றும் பெயர். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் இருந்துகொண்டு இந்தக் கலையைத் தொழிலாக எடுக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டீஜேவுக்குப் பெயரை வாங்கித் தருவது குரல். சோறு போடுவது பதிவின் உரிமை. இரண்டையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கற்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஜமைக்காவின் டீஜேக்கள் சென்ற வழியைப் பார்த்தாலே இது விளங்கும். யூ-ராய் என்ற டீஜே 1961 வாக்கிலிருந்தே சவுண்ட் சிஸ்டங்களில், அதாவது பெட்டிகளோடு சென்று இசை போடும் குழுக்களில், மைக் பிடித்தவர்; பின்னர், மின்கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைத்த கிங் டப்பியின் சவுண்டில் சேர்ந்தார்; 1970இல் தயாரிப்பாளர் டியூக் ரீடின் ஸ்டூடியோவில் பதிவு செய்த பாடல்கள் ஜமைக்காவின் தரவரிசையில் முதல் இடங்களைப் பிடித்தபோது, டீஜேயின் பேச்சும் ஓர் இசைப் பதிவாக விற்கும் என்பது உறுதியானது. ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் ஸ்டர் காவ் என்ற சொந்தச் சவுண்டைத் தொடங்கினார். ஜோசி வேல்ஸ், சார்லி சாப்ளின் முதலான அடுத்த தலைமுறை டீஜேக்கள் அதில் வளர்ந்தார்கள். டீசல் மெக்கானிக்காக வேலை பார்த்த பிக் யூத், பெயர் வந்தவுடன் நெகுசா நகாஸ்ட் என்ற இசைத்தட்டு முத்திரையில் (லேபிளில்) தம் பதிவுகளைத் தாமே வெளியிட்டார். பிரின்ஸ் ஜாஸ்போ, ஸ்டூடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்திலும் தயாரிப்பாளர் லீ பெர்ரியிடமும் பாடிப் பழகிய பிறகு உஜாமா என்ற முத்திரையை நிறுவித் தயாரிப்பாளராகவே நிலைத்து, 2013இல் மறைந்தார். டாப்பா ஸூக்கி, ஜா தாமஸ் ஆகியோரும் இதே வழியில் சென்றவர்கள். கூலிக்குப் பேசிய காலத்தில் கற்றதை முதலாக்கித் தமக்கென ஒரு முத்திரையை உண்டாக்கிக்கொண்டதே இவர்கள் எல்லோருக்கும் பொதுவான பாதை.

மைக்செட் கடையில் வேலைக்குச் சேருங்கள்

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் சவுண்ட் சிஸ்டமும் நம் ஊர் மைக்செட்டும் நெருங்கிய உறவுடையவை. பெட்டிகளை வண்டியில் ஏற்றிச் சென்று, திறந்த வெளியில் அடுக்கி, மின்சாரத்தை இழுத்து, ஊரைக் கூப்பிடும் வேலைதான் இரண்டும். ஆகவே ரெகே டீஜே ஆக விரும்புகிறவர் கோவையிலோ சென்னையிலோ ஓர் ஒலிப்பதிவுப் படிப்பைத் தேடுவதற்கு முன்பு, உள்ளூரில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒரு திருவிழாப் பருவம் முழுக்க உதவியாளராக இருக்க வேண்டும் என்று சொல்வேன். நான் கோத்தகிரியில் அப்படித்தான் தொடங்கினேன். ஒயரைச் சுற்றும் முறை, எர்த் சரியில்லாத இடத்தில் வரும் உறுமல், மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னே கொண்டுபோனால் எழும் கூச்சல், ஆம்ப்ளிஃபயரின் ஓம் (மின்தடை) கணக்கு ஆகியவற்றை எந்த வகுப்பறையையும் விட மாரியம்மன் கோயில் திடல் நன்றாகக் கற்றுத் தரும். அதோடு, 'காணாமல் போன குழந்தை மைக்செட் மேடைக்கு வரவும்' என்று அறிவிக்கும் வேலையும் உங்களிடம் வரும். அதைச் சிறிதாக எண்ண வேண்டாம். ஜமைக்காவின் முதல் டீஜேக்களும் தட்டு மாறும் இடைவெளியில் அறிவிப்புச் செய்து கூட்டத்தைக் கலையாமல் வைத்திருந்தவர்களே.

பேஸ் என்பது ரெகேயின் உயிர் என்பதால் பெட்டியைப் பற்றி ஒரு சொல். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நம் மலைக் குளிரில் ஏறத்தாழ 6.8 மீட்டர் நீளம் கொண்டது. குழாய் ஒலிபெருக்கியோ சிறிய பெட்டியோ அதைத் தூக்க முடியாது. 18 அங்குல ஸ்பீக்கரும் அதற்குத் தக்க கனமான மரப்பெட்டியும் வேண்டும். சாதாரணப் பிளைவுட் இங்கே இரண்டு மழைக்காலத்தில் உப்பிப் பிரிந்துவிடும். விலை கூடினாலும் நீர் தாங்கும் வகையையே வாங்குங்கள். குளிரில் நின்ற வண்டியிலிருந்து கருவிகளைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்தவுடன் மின்சாரம் கொடுக்காமல், உள்ளே படியும் ஈரம் காய அரை மணி நேரமாவது விடுங்கள்.

குரலும் சந்தமும்

ரெகேயின் தாளத்தில் நம் காதுக்கு முதலில் பிடிபடாத ஒன்று உண்டு. மென்பொருளில் வேகத்தை நிமிடத்துக்கு 150 என்று வைத்து நான்கு நான்காக எண்ணிப் பாருங்கள். ஒன் டிராப் என்ற அடிப்படை நடையில் ஒன்று என்னும் இடம் வெறுமையாக இருக்கும். கிட்டாரின் வெட்டு இரண்டிலும் நான்கிலும் விழும். கிக், ஸ்னேர் என்னும் இரண்டு டிரம்களும் சேர்ந்து மூன்றில் விழும். சிலர் இதே வேகத்தை 75 என்றும் குறிப்பார்கள். சமத்தில் ஓங்கி அடித்துத் தொடங்கிப் பழகிய நமக்கு அந்த வெற்றிடம் காலடியில் படி இல்லாதது போலத் தோன்றும். எடுப்பு தள்ளி வரும் கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடுவதைக் கண்டிருக்கிறேன். பழகும் வரை பேச முயலாதீர்கள். ஒரு வெர்ஷனைப் போட்டுவிட்டு, மூன்றாவது அடியில் மட்டும் கை தட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். தேயிலைத் தோட்டத்துச் சரிவில் நடப்பதற்கு ஏற்ற வேகம் அது.

அடுத்தது சொல். ஆங்கில டோஸ்டிங்கில் அடி முடிவில் வரும் ஓசை ஒற்றுமையே பெரிய அணி. தமிழுக்கு இயைபோடு எதுகையும் மோனையும் இருக்கின்றன, பின்னவை இரண்டும் அடியின் தொடக்கத்தில் நிற்கின்றன. ஒன் டிராப்பில் தாளத்தின் முதல் அடி வெறுமையாக இருப்பதால், அங்கே வைக்கும் தமிழ் எதுகை கிக்கோடும் ஸ்னேரோடும் மோதாமல் தெளிவாகக் கேட்கும். ரெகேயைத் தமிழுக்கு மிகப் பொருத்தமான நடை என்று நான் கருதுவதற்கு இதுவே முதற் காரணம். ஒரு மாதிரி தருகிறேன்:

கொழுந்து கிள்ளிப் போட்ட கைக்குக் கூலி என்ன?
எழுந்து வந்த பனியே, நீ சொல்லும் சேதி என்ன?

இரண்டு அடிகளையும் 'தனந்த தன்ன' என்று தொடங்கி வாய்ச்சந்தமாகச் சொல்லி உட்கார்த்திவிட்டுப் பிறகு சொற்களை ஏற்றுங்கள். திருப்புகழையும் காவடிச்சிந்தையும் வாய்விட்டுப் படிப்பது இதற்குச் சிறந்த பயிற்சி. ஒவ்வொரு நாளும் 16 தாளச் சுற்றுக்கு ஒரு புதிய பொருளை எடுத்துப் பேசுங்கள்: பச்சைத் தேயிலையின் விலை, சீசன் நேரத்து வாகன நெரிசல், குன்னூர்ச் சந்தை, தண்ணீர் வராத குழாய். யூ-ராய் பழைய பாட்டின் குரலை முழுவதுமாக நீக்காமல் ஆங்காங்கே விட்டுவைத்து, அந்தப் பாடகருக்கு மறுமொழி சொல்வதுபோல் பேசினார். நம் எசப்பாட்டின் முறையும் அதுவே; இதைத் தமிழில் செய்வதற்குத் தயங்க வேண்டியதே இல்லை.

பொருளைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள் உண்டு. ரெகே கரும்புத் தோட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் உண்டாக்கிய இசை. 2018இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றபோதும் அநீதி, எதிர்ப்பு, அன்பு, மனிதநேயம் பற்றிய அதன் பங்களிப்பைக் குறிப்பிட்டது. ஜமைக்காக்காரர்களின் பேச்சு வழக்கையும் ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கச் சமயத்தாரின் வழிபாட்டுச் சொற்களையும் கடன் வாங்கி அணிந்துகொள்வது அந்த மரபுக்கு மரியாதை ஆகாது. நம்மிடமே பேச வேண்டிய கதை இருக்கிறது. 1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. அவர்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்த தப்பும் நாட்டார் பாடலும் இன்னும் லயன் குடியிருப்புகளில் ஒலிக்கின்றன. கிங்ஸ்டனுக்கு மேலே நிற்கும் மலைக்கும் நீலமலை என்றே பெயர் என்பதையும், அங்கும் காப்பி விளைகிறது என்பதையும் அறிந்தபோது நான் நெடுநேரம் மகிழ்ந்திருந்தேன். அந்த மலையின் உச்சி 2,256 மீட்டர், நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதே வேளையில், கோத்தர்களின் கொள் என்ற ஊதுகருவி இசையையோ தோடர்களின் பாடல்களையோ பதிவு செய்து துண்டு துண்டாக வெட்டி ரிட்டிமில் சேர்க்கும் ஆசை வந்தால், முதலில் அந்த ஊருக்குச் சென்று பெரியவர்களிடம் கேளுங்கள். சாவுச் சடங்குக்கும் தெய்வத்துக்கும் உரிய இசை அவர்களுக்கு இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

ரிட்டிம் செய்தல்

1985இல் பிரின்ஸ் ஜாம்மி என்ற தயாரிப்பாளர், காசியோ எம்டி-40 என்ற சிறிய விசைப்பலகையில் ஏற்கெனவே இருந்த ஒரு தாளத்தை மெதுவாக்கி ஒரு ரிட்டிம் செய்தார்; ஜமைக்க இசை முழுவதும் கணினி யுகத்துக்குத் திரும்பியது அங்கேதான். ஆகவே விலை உயர்ந்த கருவி இல்லை என்பது தடையே இல்லை. ஒரு மடிக்கணினி, ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் இரண்டு வழி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல டைனமிக் மைக், ஒரு ஹெட்ஃபோன், பேஸ் கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஒரு நண்பர் ஆகியவை போதும். கண்டென்சர் மைக்கை நான் இங்கே பரிந்துரைப்பதில்லை. பனியின் ஈரம் அதன் மெல்லிய தகட்டில் படிந்து இரைச்சலை உண்டாக்கும். வாங்கித்தான் தீருவேன் என்றால், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக் காப்பாற்றுங்கள்.

முதலில் பேஸை எழுதுங்கள், பிறகுதான் டிரம்ஸ். பேஸ் வரி தனியே பாடினாலும் நினைவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேறு வரி எழுதுங்கள். கிட்டாரிலும் ஆர்கனிலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் பேஸுக்கு இடம் கிடைக்கும். எக்கோவைக் கண்ணை மூடிக்கொண்டு போடாமல் கணக்கிட்டுப் போடுங்கள்: 60,000ஐ வேகத்தால் வகுத்தால் ஓர் அடியின் நேரம் மில்லிசெகண்டில் கிடைக்கும். வேகம் 150 என்றால் 400. அதை ஒன்றரையால் பெருக்கினால் 600. இந்த 600 மில்லிசெகண்ட் எக்கோதான் குரலின் கடைசி அசையைத் தாளத்துக்குக் குறுக்கே நடக்க வைத்து, டப் இசைக்குரிய, அதாவது பதிவின் பகுதிகளை நீக்கியும் எக்கோ சேர்த்தும் மாற்றிய இசைக்குரிய, மிதப்பை உண்டாக்குகிறது. கிங் டப்பி மிக்சரையே ஓர் இசைக்கருவி போல வாசித்தவர். ஒரு சேனலை மூடித் திறந்து, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரைத் திருகி, ஒரே பதிவிலிருந்து பல வெர்ஷன்களை உருவாக்கினார். நீங்களும் ஒவ்வொரு ரிட்டிமுக்கும் குரல் உள்ளது, குரல் இல்லாதது, டப் என மூன்றையும் ஒரே நாளில் எடுத்து வையுங்கள். பின்னால் உங்கள் ரிட்டிமில் இன்னொருவர் பேச வரும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்து வேலை செய்ய வேண்டியிராது.

அறையைப் பற்றி: நம் வீடுகளில் கம்பளிகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூலைகளில் கயிறு கட்டிக் கனமான கம்பளிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் குரலின் எதிரொலி அடங்கிவிடும். பேஸின் குழப்பம் அடங்காது, அதை ஹெட்ஃபோனிலும் வேறு ஓர் இடத்தின் பெரிய பெட்டியிலும் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். தகரக் கூரையின் கீழே மழையில் குரல் பதிவு நடக்காது. கூடலூர், உதகைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழை மிகுதி என்பதால், அந்த மாதங்களை எழுதுவதற்கும் மிக்சிங்குக்கும் ஒதுக்கிவிட்டு, குரலை மற்ற மாதங்களில் பதிவு செய்யுங்கள். மின்சாரம் போகும் என்பதை எதிர்பார்த்தே ஒரு யுபிஎஸ் வாங்குங்கள்.

வெளியே வாசித்தல்

ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். எவரிடம் விண்ணப்பிப்பது என்பதை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டறியலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இந்த அளவை எடுக்கும் முறை தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே காட்டும் என்பதால், கருவி சரி என்று காட்டும்போதும் எதிர் மேட்டில் இருப்பவர் வீட்டு ஜன்னல் அதிரக்கூடும். பள்ளத்தாக்குகளில் பேஸ் நாம் நினைப்பதை விடத் தொலைவு செல்லும். ஆகவே நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சென்று சொல்லிவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மசினகுடி, சிகூர் பக்கத்து விடுதிகளிலிருந்து அழைப்பு வந்தால் மறுத்துவிடுங்கள் என்பது என் கண்டிப்பான அறிவுரை. அது யானை வழித்தடம். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகளால் ஒன்றோடொன்று பேசும் விலங்கின் வீட்டில் பேஸ் பெட்டியை அடுக்குவதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது. சமவெளியிலிருந்து கேட்க வருகிறவர்களுக்கு, 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் விதியை அழைப்பிதழிலேயே தெரிவித்துவிடுவது நல்லது.

ரெகேயை மட்டும் வைத்து முதல் சில ஆண்டுகள் வருமானம் வராது. மைக்செட் வாடகை, பள்ளி விழாக்கள், தேவாலயத் திருநாட்கள், படுகப் பாடல்களுக்கான ஒலிப்பதிவு ஆகியவை வீட்டு வாடகையைக் கொடுக்கும். அவற்றை முழு மனத்தோடு செய்யுங்கள். என் மிக்சிங் திறமையின் பாதி படுகப் பாடகர்களின் பதிவுகளிலிருந்து வந்தது.

தாளும் கையெழுத்தும்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் முதல் பதிவை ஒரு நிறுவனத்துக்கு ஒரே பக்கத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். குரலும் கருவிகளும் தனித்தனியே பதிவான தடங்களின் பிரதியைக்கூட எடுத்து வைக்கவில்லை. அந்தப் பாட்டை இன்று நானே வெளியிட முடியாது. பெரிய கலைஞர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஜமைக்கப் பெண் டீஜே சிஸ்டர் நான்சி 1982இல் பேசிய ஒரு பாடல் உலகெங்கும் விளம்பரங்களிலும் படங்களிலும் ஒலித்தது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்கு அதற்கான உரிமைத்தொகை வரவில்லை. ஜமைக்காவில் 1993 வரை நடைமுறையில் இருந்தது 1911ஆம் ஆண்டின் பழைய பிரிட்டிஷ் சட்டமே. ஒரே ரிட்டிமை ஊரே பகிர்ந்துகொண்ட செழுமையும், பேசியவர்கள் வெறுங்கையோடு நின்ற துயரமும் அந்தச் சூழலில் சேர்ந்தே வளர்ந்தன.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் ஆசிரியர் என்பவர் அதன் தயாரிப்பாளரே; உரிமை வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். சொல்லும் மெட்டும் வேறு உரிமைகள். அவை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியவை. 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அவர்கள் உரிமைத்தொகையில் தமக்குள்ள சமபங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'என்றென்றைக்கும், உலகெங்கும்' என்ற சொற்கள் உள்ள தாளில் வழக்கறிஞர் ஒருவர் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பாடல் எழுதியவராக, பாடல்களுக்கான உரிமைத்தொகையைத் திரட்டித் தரும், 1969 முதல் இயங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், 12 எழுத்தெண் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு உண்டு. இணையத்தில் வெளியிட்டுத் தரும் விநியோக நிறுவனங்களே அதை வழங்கும். டப்புக்கும் வெர்ஷனுக்கும் தனித்தனிக் குறியீடு வாங்குங்கள். அடுத்தவரின் ரிட்டிமில் மேடையில் பேசுவது பழைய வழக்கம். அதைப் பதிவாக வெளியிட வேண்டுமானால் அதன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்றாக வேண்டும்.

சில ரிட்டிம்கள் வெளிவந்த பிறகு, கூடலூரிலிருந்தோ அருவங்காட்டிலிருந்தோ ஒரு தம்பியோ தங்கையோ உங்கள் ரிட்டிமில் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டு வருவார்கள். அன்றைக்கு நீங்கள் தயாரிப்பாளர். அவர்களை மைக்குக்கு முன்னே நிறுத்தும்போது பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய ஊதியத்தையும் கையில் கொடுங்கள். சொல் யாருடையது, மெட்டு யாருடையது, வரும் பணத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பதைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தடங்கள் அனைத்தையும் இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி, ஒன்றை வீட்டில் ஈரம் படாத டப்பாவிலும் மற்றொன்றை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ நம்பிக்கையான ஒருவரிடமும் வையுங்கள். மூன்றாவதாக ஒரு பிரதியைப் பேச வந்தவரிடமே கொடுத்தனுப்புங்கள்.